சாதனை அளவுள்ள பேரிலை மேப்பிள் மரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில் வட்டாரத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களை ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்கும் அதைச் சுற்றியுள்ள காடுகளுக்கும் அழைத்துச் செல்லும் வழக்கம் எனக்கு உண்டு. பாசி போர்த்திய பெரிய மேப்பிள் மரங்களின் அடியில் நிற்கும்போது ஏறத்தாழ ஒரே ஐயங்களே ஒவ்வொரு முறையும் எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல், எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேப்பிள் என்றால் கனடாக் கொடியில் இருக்கும் மரம்தானே? நீங்கள் சொல்வதும் அதுவா?

1965ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று ஏற்றப்பட்ட கனடாக் கொடியில் இருப்பது, எந்த ஒரு தனி இனத்தையும் குறிக்காமல் வடிவமைக்கப்பட்ட பதினொரு முனை இலை. மேப்பிள் என்பது பல இனங்களைக் கொண்ட ஒரு மரப் பேரினத்தின் பொதுப்பெயர். கனடாவில் மட்டும் அதன் பத்து இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. பாகு காய்ச்சுவதற்குப் புகழ்பெற்ற சுகர் மேப்பிள் கிழக்குப் பகுதிக்கு உரியது. இங்கே நான் எழுதுவது மேற்குக் கரைக்கே உரிய பிக்லீஃப் மேப்பிளைப் பற்றி. தாவரவியலில் ஏசர் மேக்ரோஃபில்லம் எனப்படும் அதை இனி பேரிலை மேப்பிள் என்றே குறிப்பிடுகிறேன்.

இது எங்கெல்லாம் வளர்கிறது? பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்மேற்குப் பகுதியிலிருந்து வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்கள் வழியாகக் கலிபோர்னியாவின் தெற்குவரை, பெரும்பாலும் கடலோர மலைகளையும் ஆற்றோரங்களையும் ஒட்டி இது வளர்கிறது. அமெரிக்காவின் மேற்கை ஆராயச் சென்ற, லூயிஸ், கிளார்க் தலைமையிலான பயணக் குழு 1806 ஏப்ரலில் கொலம்பியா ஆற்றங்கரையில் இதன் மாதிரியைச் சேகரித்தது. அக்கரையில் வாழ்ந்த பழங்குடி மக்களோ அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இதன் மரத்தில் துடுப்பு செதுக்கி வந்தார்கள்.

அடையாளம் காண இலையே போதும். ஐந்து ஆழமான மடல்களாகப் பிரிந்த இலை பொதுவாக 15 முதல் 30 செ.மீ. அகலம் இருக்கும், சில இலைகள் அதையும் தாண்டிவிடும். மேப்பிள் இனங்களிலேயே மிகப் பெரிய இலை இதனுடையதுதான். இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வடியும். இலையுதிர்ந்த காலமாக இருந்தால் தரையில் கிடக்கும் காய்களைத் தேடுங்கள். இரண்டிரண்டாக இறக்கை விரித்த காயின் விதைப்பகுதியில் சொரசொரவென்று மயிர் இருக்கும்.

சாதாரணமாக எவ்வளவு பெரிதாகும்? எந்த அளவைத் தாண்டினால் சாதனை என்கிறீர்கள்?

பெரும்பாலான பேரிலை மேப்பிள்கள் 15 முதல் 20 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடுகின்றன. ஈரமும் ஆழமான வண்டல் மண்ணும் உள்ள பள்ளத்தாக்குகளில் 30 மீட்டரைக் கடப்பது அரிதன்று. கலிபோர்னியாவில் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் சுமார் 48 மீட்டர் உயரமுள்ள ஒரு மரம் அளக்கப்பட்டிருக்கிறது. வானை முட்டும் ரெட்வுட் மரக் காட்டின் நடுவே வெளிச்சத்தை எட்டுவதற்காக அது அப்படி நெடுநெடுவென வளர்ந்திருக்கிறது.

இந்த அளவைத் தாண்டினால் சாதனை என்று வரையறை எதுவும் கிடையாது. ஓர் இனத்தில் இதுவரை முறைப்படி அளந்து பதிவு செய்யப்பட்ட மரங்களுள் அதிகப் புள்ளி பெற்றது எதுவோ அதுவே அந்த இனத்தின் முதன்மை மரம். எனவே எந்தச் சாதனையும் அளந்தவரையிலான சாதனையே. அளக்கப்படாத பெரிய மரம் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் நின்றுகொண்டிருக்க எப்போதும் வாய்ப்புண்டு.

யார் இந்தப் புள்ளிகளைப் போடுகிறார்கள்? எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மேரிலாந்து மாநிலத்தின் வன அதிகாரியாக இருந்த ஃபிரெட் பெஸ்லி 1925இல் பெரிய மரங்களை ஒப்பிட ஒரு முறையை வகுத்தார். இப்போது அமெரிக்கன் ஃபாரஸ்ட்ஸ் என்று அழைக்கப்படும் அமைப்பு 1940இல் நாடு தழுவிய பெருமரப் பதிவேட்டைத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு டென்னசி பல்கலைக்கழகத்துக்கு மாறியிருக்கிறது. கணக்கு மிக எளியது: அடிமரச் சுற்றளவை அங்குலத்திலும், உயரத்தை அடியிலும், சராசரிக் கிளைவிரிவின் நான்கில் ஒரு பங்கை அடியிலும் எடுத்து, மூன்றையும் கூட்ட வேண்டும்.

ஆரிகன் மாநிலத்தின் லேன் மாவட்டத்தில் நின்று, நாட்டின் முதன்மை மரமாகப் பதிவான ஒரு பேரிலை மேப்பிளை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 305 அங்குலம், உயரம் 119 அடி, கிளைவிரிவு 91 அடி. 91இல் கால் பங்கு 22.75. ஆக மொத்தம் 446.75, அதாவது சுமார் 447 புள்ளி. நம் கணக்கில் சொன்னால் சுற்றளவு ஏழே முக்கால் மீட்டர். நான்கைந்து பெரியவர்கள் கைகோத்து நின்றால்தான் அந்த அடிமரத்தைச் சுற்றி வளைக்க முடியும்.

48 மீட்டர் மரம்தானே உயரமானது? அதற்கல்லவா முதலிடம் தர வேண்டும்?

சுற்றளவை அங்குலத்திலும் உயரத்தை அடியிலும் எடுப்பதால் இந்த முறை பருமனுக்கே அதிக மதிப்பளிக்கிறது. 48 மீட்டர் என்பது ஏறத்தாழ 157 அடி. லேன் மாவட்ட மரத்தைவிட 38 அடி அதிகம். அந்த 38 புள்ளியை ஈடுசெய்யச் சுற்றளவில் 38 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவான வேறுபாடே போதும். ஆகவே நெருக்கமான காட்டில் ஒல்லியாக ஓங்கிய மரத்தைவிட, திறந்த வெளியில் பருத்துப் படர்ந்த மரமே பெரும்பாலும் முந்திவிடும்.

இது நியாயமா என்று கேட்டால், ஒரு மரம் தன் வாழ்நாளில் திரட்டிய மரப்பொருளைத் தோராயமாகவேனும் காட்டுவது பருமன்தான் என்பதால் நான் இந்த முறையை ஏற்கிறேன். ஆனாலும் 'மிகப் பெரியது' என்று சொல்லும்போது புள்ளியில் பெரியதா, உயரத்தில் பெரியதா என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. இணையத்தில் நடக்கும் பல சச்சரவுகள் இந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதால் வருபவை.

சுற்றளவை எந்த இடத்தில் எடுப்பது? வேருக்குப் பக்கத்தில் இன்னும் தடிமனாக இருக்கிறதே?

தரையிலிருந்து நான்கரை அடி, அதாவது 137 செ.மீ. உயரத்தில் எடுக்க வேண்டும். வேர் புடைப்புகள் கணக்கில் சேராமல் இருப்பதற்காகவே இந்த உயரம் வகுக்கப்பட்டது. மரம் சரிவில் நின்றால், மேல்பக்கத் தரைமட்டத்துக்கும் கீழ்பக்கத் தரைமட்டத்துக்கும் நடுவிலுள்ள மட்டத்திலிருந்து அந்த நான்கரை அடியை அளக்க வேண்டும். பேரிலை மேப்பிளில் பெரிய முண்டுகள் சாதாரணமாகக் காணப்படும். குறிப்பிட்ட உயரத்தில் முண்டு குறுக்கிட்டால் அதற்குக் கீழே அடிமரம் மிகக் குறுகியிருக்கும் இடத்தில் அளந்து, எந்த உயரத்தில் அளந்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மரம் முழுக்கப் பாசி. நாடாவைப் பாசிக்கு மேலேயே சுற்றிவிடலாமா?

கூடாது. எவ்வளவு வேறுபடும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். பாசியின் கனம் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. என்றால் சுற்றளவு 31 செ.மீ. கூடிவிடும். அது 12 அங்குலத்துக்கும் சற்று மேல்; ஆகவே 12 புள்ளி சும்மா ஏறிவிடும். அந்த 12 புள்ளியைக் கிளைவிரிவால் ஈட்ட வேண்டுமானால் மரம் 48 அடி கூடுதலாகப் படர்ந்திருக்க வேண்டும். மழைக்காட்டு மரங்களில் 5 செ.மீ. கனம் மிகச் சாதாரணம்.

அதற்காகப் பாசியைச் சுரண்டி எடுப்பது அதைவிடப் பெரிய தவறு. தேசியப் பூங்காவுக்குள் அது சட்டப்படியும் குற்றம். மெல்லிய நாடாவைப் பாசிக்கு அடியில் பட்டையை ஒட்டி மெதுவாக நுழைத்துச் சுற்ற வேண்டும். அது முடியாத இடங்களில் மெல்லிய குச்சியால் கனத்தைப் பல இடங்களில் அளந்து சராசரியைக் கழித்து, அப்படிச் செய்ததாகக் குறிப்பும் எழுத வேண்டும். குறைவாக வரும் உண்மையான எண்ணே பதிவுக்கு வேண்டியது.

ஒரே அடியிலிருந்து நான்கைந்து தண்டு கிளம்பியிருக்கிறது. இது ஒரே மரமா, பல மரங்களா?

இந்த இனத்தில் மிகக் கடினமான கேள்வி இதுதான். பேரிலை மேப்பிளை வெட்டினாலும் காற்றில் முறிந்தாலும் அடித்தூரிலிருந்து பல துளிர்கள் வீரியமாகக் கிளம்பும். அவை ஒவ்வொன்றும் தண்டாகி, பல பத்தாண்டுகளில் பக்கவாட்டில் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பார்வைக்குப் பத்து மீட்டர் சுற்றளவுள்ள ஒரே அடிமரம்போலத் தோன்றுவது, உண்மையில் ஒரே வேரில் எழுந்த ஐந்து தண்டுகளின் தொகுப்பாக இருக்கக்கூடும்.

அளப்பவர்கள் பொதுவாக இப்படிச் சோதிப்பார்கள்: ஒவ்வொரு தண்டின் மையத்தையும் கீழ்நோக்கி மனத்தால் நீட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கோடுகள் தரைக்கு மேலே சந்தித்தால் அது கிளை பிரிந்த ஒரே அடிமரம். தரைக்குக் கீழே சந்தித்தால் பல தண்டுகளின் தொகுப்பு, அவற்றுள் பெரிய தண்டை மட்டும் தனியே அளக்க வேண்டும். தண்டுகள் ஒட்டிய இடத்தில் மேலிருந்து கீழாக ஓடும் பட்டை மடிப்பும் நல்ல சான்று. ஒரே வேர், ஒரே உயிர் என்ற வகையில் அதை ஒரு மரம் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் ஒற்றைத் தண்டு மரத்தோடு அதை ஒரே வரிசையில் வைத்துப் போட்டியிட வைப்பது அந்த ஒற்றைத் தண்டு மரத்துக்குச் செய்யும் அநீதி. பழைய பதிவுகளில் இந்த வேறுபாடு எப்போதும் கவனிக்கப்படவில்லை. எனவே பழைய பெரிய எண்களைப் படிக்கும்போது படத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கைபேசிச் செயலியில் உயரம் அளந்தேன், 44 மீட்டர் காட்டியது. நம்பலாமா?

பெரும்பாலும் நம்ப முடியாது. உச்சி அடிமரத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே அத்தகைய செயலிகள் கணக்கிடுகின்றன. பேரிலை மேப்பிளின் தலையோ அகலமாகக் கவிந்தது. நீங்கள் உச்சி என்று குறிபார்ப்பது உங்கள் பக்கமாக நீண்டு வந்த ஒரு கிளையின் நுனியாக இருக்கும். நீங்கள் அடிமரத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், அந்த நுனி உங்களை நோக்கி 8 மீட்டர் சாய்ந்திருக்கிறது, உங்கள் கண்மட்டத்திலிருந்து அதன் உண்மையான உயரம் 30 மீட்டர் என்று கொள்வோம். நுனிக்கும் உங்களுக்கும் கிடைத்தூரம் 17 மீட்டர்தான். செயலியோ 25 மீட்டர் என்று நினைத்துக்கொண்டு, 30ஐ 17ஆல் வகுத்து 25ஆல் பெருக்கிய விடையைத் தரும். அதுதான் உங்களுடைய 44 மீட்டர்.

லேசர் தூரமானியால் நுனிக்கு உள்ள சாய்தூரத்தையே நேராக அளந்து, அதை நுனியை நோக்கும் ஏற்றக்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் இந்தப் பிழை நேராது. மேலே சொன்ன மரத்தில் சாய்தூரம் சுமார் 34.5 மீட்டர் வரும். விடை சரியாக 30 மீட்டர். கண்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதியையும் இதே முறையில் அளந்து கூட்ட வேண்டும். பல இடங்களில் நின்று, இலையில்லாத காலத்தில் அளப்பது நல்லது.

இவ்வளவு பெரிய மரம் என்றால் ஆயிரம் வயதாவது இருக்குமே?

இருக்காது. பேரிலை மேப்பிள் இளமையில் மிக வேகமாக வளரும். 200 வயதைக் கடந்தாலே அது முதிய மரம், 300 வயதை எட்டுவது அரிது. அதே காட்டில் பக்கத்தில் நிற்கும் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம் இதைவிட ஒல்லியாக இருந்தாலும் பல மடங்கு மூத்ததாக இருக்கலாம். முதிய மேப்பிள்கள் பெரும்பாலும் உள்ளே பொந்தாகிவிடுவதால் வளையங்களை எண்ணி வயது காண்பதும் இயலாமல் போகிறது.

பாசியும் பெரணியும் மரத்தின் சத்தை உறிஞ்சுகின்றனவா? புல்லுருவி மாதிரியா?

புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டுச் சாறு எடுக்கும். இந்தப் பாசிகள், அதிமதுரச் சுவையுள்ள கிழங்கைக் கொண்ட லிகோரிஸ் பெரணி, கற்பாசி வகையான லைக்கன்கள் ஆகியவை தொற்றுத் தாவரங்கள். மரத்தை இருப்பிடமாக மட்டும் கொண்டு, மழையிலிருந்தும் காற்றில் வரும் தூசியிலிருந்தும் தம் ஊட்டத்தைப் பெறுகின்றன. ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் அளவுக்கு மழை பொழியும், ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ பள்ளத்தாக்கில் அவை கிளைகளின் மேல் மெத்தைபோலப் படிந்து, அடியில் மட்கி, மரத்தின் உச்சியிலேயே மண்ணை உண்டாக்கிவிடுகின்றன.

இந்த மரங்களில் கயிறு கட்டி ஏறி ஆராய்ந்த நளினி நட்கர்னி 1981இல் வியப்பூட்டும் ஒன்றை வெளியிட்டார். மேப்பிள் தன் கிளைகளிலிருந்தே வேர்களை விட்டு, பாசி மெத்தைக்கு அடியில் உள்ள அந்த மண்ணிலிருந்து ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. தொற்றுத் தாவரங்களின் உலர் எடை மரத்தின் சொந்த இலைகளின் எடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. புள்ளிக் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை. ஆனால் பாசி உரிக்கப்பட்ட கிளையில் மரம் எதை இழக்கிறது என்பதை அறிந்தவர்கள் அதில் கை வைக்கத் தயங்குவார்கள். அதற்காகவே ஒவ்வொரு குழுவிடமும் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஏன் சரியான இடத்தைச் சொல்ல மறுக்கிறீர்கள்?

இரண்டு காரணங்கள். முதலாவது திருட்டு. சில பேரிலை மேப்பிள்களின் மரத்தில் அலையலையாக ஒளிரும் வரிகள் அமைகின்றன. கித்தார் செய்பவர்களிடம் அதற்கு மிகுந்த விலை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வரி இருக்கிறதா என்று தெரியாது. திருடர்கள் பட்டையைக் கோடரியால் பிளந்து சோதித்து, வரி இல்லாவிட்டால் அந்தக் காயத்தோடு மரத்தை விட்டுப் போகிறார்கள். 2018 ஆகஸ்டில் ஒலிம்பிக் தேசிய வனத்தில் அப்படி மரம் திருட வந்தவர்கள், அடிமரத்தில் இருந்த குளவிக்கூட்டை அகற்ற வைத்த நெருப்பு பரவி ஏறத்தாழ 3,300 ஏக்கர் காடு எரிந்தது. 2021இல் நடந்த விசாரணையில், விற்கப்பட்ட மரத்துண்டுகள் காட்டில் எஞ்சிய அடிக்கட்டைகளுக்கு உரியவையே என்பதை மரத்தின் மரபணுவைக் கொண்டே காட்டினார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றக் குற்ற விசாரணை ஒன்றில் மர மரபணு சான்றாக வைக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இரண்டாவது காரணம் நம் கால்கள். நல்லெண்ணத்தோடு வருபவர்கள் வேர்ப்பகுதியை மிதித்து மிதித்து மண்ணை இறுக்கிவிடுகிறார்கள். காற்றும் நீரும் இறங்காத மண்ணில் நுண்வேர்கள் மடிகின்றன. பாதை அமைக்கப்பட்ட, ஹோ பள்ளத்தாக்கின் ஹால் ஆஃப் மாஸஸ் போன்ற இடங்களை எவருக்கும் தயங்காமல் சொல்வேன்; அங்கே நிற்கும் மேப்பிள்கள் எந்தச் சாதனை மரத்துக்கும் அழகில் குறைந்தவை அல்ல.

சாதனை மரங்கள் காய்ந்து வருவதாகப் படித்தேன். உண்மையா?

வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 2011 முதல் பேரிலை மேப்பிள்கள் இலை சிறுத்து, உச்சி காய்ந்து, நலிவது கவனிக்கப்பட்டு வருகிறது. முதலில் ஏதோ பூஞ்சை என்று ஐயுற்றார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிட்ட நோய்க்கிருமி எதையும் காட்டவில்லை. வெப்பமும் வறட்சியும் கூடிய கோடைகளோடும், சாலைகள், கட்டடங்களின் அண்மையோடும் இந்த நலிவு தொடர்புடையது என்றது. பொந்து மட்டும் இருப்பது மரணத்தின் அறிகுறி ஆகாது, ஏனெனில் நீர் ஏறுவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி வழியாக. உச்சியில் ஆண்டுக்காண்டு இலை குறைகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

சாதனை மரம் விழுந்தாலோ தலை முறிந்தாலோ அடுத்த மரம் முதலிடத்துக்கு வரும். பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி அளக்கப்படாத மரங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் விதி இதனால்தான் வந்தது.

நாங்கள் ஒண்டாரியோவில் இருக்கிறோம். இங்கே பார்க்கக்கூடிய சாதனை மேப்பிள் உண்டா?

உண்டு, ஆனால் அது சுகர் மேப்பிள். டொராண்டோவிலிருந்து பார்த்தால் ஒண்டாரியோ ஏரியின் எதிர்க்கரையில், நயாகரா வட்டாரத்தின் பெலம் நகரில் கம்ஃபர்ட் மேப்பிள் என்ற மரம் நிற்கிறது. உயரம் சுமார் 24.5 மீட்டர், அடிச்சுற்று சுமார் 6 மீட்டர். வயது ஏறத்தாழ 500 என்று மதிப்பிடப்படுகிறது. அந்த நிலத்தை வைத்திருந்த குடும்பத்தின் பெயரே மரத்தின் பெயர். 1961 முதல் நயாகரா தீபகற்பப் பாதுகாப்பு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கும் இதை எவரும் சென்று காணலாம். லேன் மாவட்ட மரத்தோடு இதை ஒப்பிட்டுச் சிறியது என்று எண்ண வேண்டாம். பட்டியல்கள் இனவாரியாகவே அமைகின்றன.

ஒரு பெரிய மரத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். யாரிடம் சொல்வது?

முதலில் அது தனியார் நிலமா என்று பார்த்து, உரிமையாளரின் ஒப்புதலைப் பெறுங்கள். பிறகு மேலே சொன்ன முறைகளில் மூன்று அளவுகளையும் எடுங்கள். கிளைவிரிவுக்கு, மிக அகலமான திசையில் ஒன்றும் அதற்குச் செங்குத்தான திசையில் ஒன்றுமாக அளந்து சராசரி காண வேண்டும். அளவு நாடா சுற்றியபடி ஒரு படமும், பக்கத்தில் ஆள் நிற்க முழு மரத்தின் படமும் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில், ராண்டி ஸ்டோல்ட்மன் 1986இல் தொடங்கி இப்போது பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் நடத்தும் பெருமரப் பதிவேடு இருக்கிறது. கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி பல்கலைக்கழகம் பதிவேட்டை நடத்துகிறது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் டென்னசி பல்கலைக்கழகத்தின் தேசியத் திட்டத்தைத் தொடர்புகொண்டு தம் மாநிலப் பொறுப்பாளரை அறியலாம். இடத்தை வெளியிட வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விதை எடுத்துப் போய் எங்கள் ஊரில் நட்டால் வருமா?

தமிழகத்தின் சமவெளியில் வராது. இந்த விதை முளைப்பதற்கு உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலும் ஈரத்திலும் பல வாரங்கள் கிடக்க வேண்டும். மரத்துக்கும் ஆண்டுதோறும் இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலம் தேவை. மேலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதைகளை இந்தியாவுக்குக் கொண்டுசெல்வது சட்டத்துக்குப் புறம்பானது. வாஷிங்டனிலோ ஆரிகனிலோ சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர்கள் நடலாம். வீட்டிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் நன்றாகத் தள்ளி, கிளைகள் 25 மீட்டர் அகலத்துக்குப் படரும் என்பதை நினைவில் வைத்து இடம் தேர்ந்தெடுங்கள்.